வழிச்செலவு

இரவு இரண்டே முக்காலுக்கு டிஸ்பாட்ச்காரி சொல்வாள்:
மடத்து வீடு. ஹோர்ன் அடிக்காதே.
கூரை விளக்கை அணைத்துவிட்டுப் போ.

தண்டர் பேயில் பதினெட்டு வருடம் டாக்சி ஓட்டினேன்.
எந்த வீட்டுக்கு எதற்காகப் போகிறோம் என்று
டயருக்கே தெரிந்துவிடும்.
பிரசவத்துக்கு ஒரு வேகம், பாருக்கு ஒரு வேகம்.
நவதுறவகத்துக்கு நடை வேகம்.

ஃபாதர் எமிலியன் ருவா கதவடியில் நிற்பார்,
பைஜாமாவுக்கு மேலே அங்கி,
காலுறை இல்லாமல் ரப்பர் செருப்பு.
பக்கத்தில் ஒரு பெடியன்,
போன ஆகஸ்டில் வந்து இறங்கிய அதே ஜீன்ஸில்.
அதைத் துவைத்து, பூச்சியுருண்டை போட்டு
அலமாரியில் வைத்திருந்தவர் அவர்தான்.
இடுப்பு பெருத்துப்போன ஒருவனுக்குப்
பொத்தானைத் தள்ளித் தைத்திருந்தார்,
கறுப்பு நூலில். அவரிடம் வேறு நிறம் இல்லை.

ஆசீர்வாதமெல்லாம் உள்ளேயே முடிந்திருக்கும்.
வாசலில் சான்ட்விச் பற்றித்தான் பேச்சு.
மேற்கே போகிறவன் என்றால்
முட்டை முதலில், சீஸ் கெனோரா தாண்டி.

மற்றது, அந்த உறை.
ஒருவன் பெட்டியோடு வந்து சேரும் நாளிலேயே
அவன் ஊருக்குத் திரும்பும் காசை எண்ணிப்
பழுப்பு உறையில் போட்டு ஒட்டிவிடுவாராம்.
பஸ் கட்டணம் ஏறினால்
பிரித்து, கூட்டி, மறுபடி ஒட்டுவாராம்.
சமையல்காரி லெம்பி சொன்னாள்.
வார்த்தைப்பாடு எடுக்கிறவனின் உறையை
அன்றைக்கே கிழித்து
முழு வீட்டுக்கும் ஐஸ்கிரீம்.
காசு கொடுத்து வெளியே அனுப்புகிறீரா என்று
மேலிடத்திலிருந்து ஒருமுறை கடிதம் வந்ததாம்.
பூட்டிய வீட்டில் இருக்கிறவனைத்
தங்கியவன் என்று நான் எப்படிக் கையெழுத்திடுவது என்று
பதில் போட்டாராம்.

ஏறியவர்கள் பலவிதம்.
ஒருவன் ஹாக்கி ஸ்கோர் கேட்டான்.
ஒருவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான், என்னிடம்.
ஒருவன் பஸ் நிலையம் வரைக்கும்
சீட் பெல்டைப் போடாமல்
கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.
நான் ஒன்றும் கேட்பதில்லை.
யாழ்ப்பாணத்தில் ஒரு குருமடத்தின் பின்மதிலை
நான் ஏறிக் குதித்த இரவில்
கீழே டாக்சி எதுவும் நிற்கவில்லை.

ஒரு மார்ச் மாதம், உறைமழை.
பஸ் இரைந்துகொண்டு நிற்கிறது.
பெடியன் ஒரு சப்பாத்தை வெளியே வைத்தான்,
உள்ளே எடுத்தான்.
திருப்ப முடியுமா என்றான்.
நாங்கள் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.
அவர் அதே கதவடியில், அதே செருப்பில்,
புருவத்தில் ஐஸ்.
ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.
மீட்டர் எவ்வளவு என்று என்னைக் கேட்டார்.
அவனிடம், முட்டையைச் சாப்பிட்டாயா என்றார்.

இதைப் பல கொண்டாட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.
சொல்லாமல் விடுவது ஒன்று:
அவன் ஜூனில் மறுபடி போய்விட்டான்,
பட்டப்பகலில், சிரித்துக்கொண்டு,
அப்போதும் என் வண்டியில்தான்.

பிறகு அந்த பஸ் ஓடுவது நின்றது.
அதற்கு முன்பே பெடியங்கள் வருவது நின்றிருந்தது.
வீட்டை ஒரு பல் வைத்தியர் வாங்கினார்.
கடைசி அழைப்பு காலை பத்து மணிக்கு:
விமான நிலையம். ஒரு பெட்டி. ஒரு ஆள்.
மொன்றியலுக்குப் பக்கத்தில்
வயதான குருக்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறதாம்.

முன் சீட்டில்தான் ஏறினார்.
காசு கொடுக்கப் பையைத் திறந்தபோது பார்த்தேன்,
மடிப்புகளில் துணியாகிப்போன ஓர் உறை,
ஒட்டியது ஒட்டியபடி.
மேலே பென்சிலில் அவருடைய பெயர்.
ரிமுஸ்கி, ரயில், பதினொரு டொலர்.
அறுபது வருடத்துக்கு முன்
அவரை உள்ளே விட்ட யாரோ எழுதியது.

ஃபாதர், நீங்கள் வார்த்தைப்பாடு எடுத்தனீங்கள்தானே, என்றேன்.

எடுத்தேன், என்றார்.
எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்காது.