பின்பனி

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
எங்கள் மச்சு ஈசூனில், பதினான்காவது மாடி.
அங்கே துளைப்பது
மேல்வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய டிரில் மட்டும்.

பெட்டியை வாங்கியது பொங்கோல் ரயில் நிலையத்தில்.
கட்டணத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள்,
இந்தப் பக்கம் நான்.
முப்பது வெள்ளி, கைப்பேசியிலேயே கொடுத்தாயிற்று.
பெய் ஷான் என்று பெயரைச் செயலி காட்டியது.
"இங்கே ஆறு எங்கே இருக்கிறது?" என்றாள்
சிரிக்காமல்.
பதிலுக்கு நிற்கவில்லை.

உள்ளே நாற்பத்திரண்டு ஈக்கள்.
ஈ என்றால் பறப்பவை அல்ல,
முள்ளில் நூல் சுற்றி, முயல்மயிரைப் பிசிறிவிட்டு,
மீனை நம்பவைக்கக் கட்டிய பொய்கள்.
ஒவ்வொரு குழியின் கீழும் பென்சிலில் ஓர் எண்:
4 டிகிரி. 6 டிகிரி.
7, பனி உருகும் வாரம், பாறைக்குப் பின்னால், மெதுவாக.

எங்கோ தெற்கே ஒரு மலையாறு.
ஆகஸ்ட் முடிந்தும் குளிர் விடாத நாட்களில்
டிரவுட் மீன்கள் அடியில் விறைத்துக் கிடக்குமாம்.
உதட்டில் வந்து இடித்தால்தான்
வாய் திறக்குமாம்.

இரவு ஷிஃப்ட் முடிந்து
எஞ்சின் எண்ணெய் நகக்கண்ணில் இருக்க
ஏழரைக்குச் சிலேத்தார் நீர்த்தேக்கம் வந்தேன்.
பலகை நான்கு மொழிகளில் சொல்லிற்று:
உயிருள்ள இரை கூடாது.
பொய்க்குத் தடை இல்லை.

வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினேன்.
இருபத்தொன்பது.
பெட்டியில் அதற்குக் குழி இல்லை.

ஆறின் வரிசையில் ஒன்றை எடுத்தேன்.
உடம்பெல்லாம் மயிற்பீலி.
போன மாதம் தைப்பூசத்தில்
தம்பியின் காவடியில் அலைந்த அதே பச்சை,
இங்கே ஒரு நெல்லின் அளவுக்கு.

தலைக்குப் பின்னால் கயிறு போக இடம் வேண்டும்.
பின்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தார்
ஷஃபிகுல்; மேல்சட்டையில் எழுதியிருந்தது.
இயந்திரத்தை நிறுத்தினார்.
காதடைப்பைக் கழற்றினார்.
வீசு என்று கையை ஆட்டினார்.

முதல் வீச்சு என் தொப்பியைப் பிடித்தது.
அவர் மரியாதையாக வேறுபக்கம் பார்த்தார்.
அடுத்ததில்
கயிறு பின்னால் போய், நீண்டு,
ஒரு மூச்சு நின்று,
பிறகு முன்னால் வந்து
தண்ணீருக்கு வலிக்காமல் படுத்தது.

மெதுவாக, என்றது பென்சில்.
மெதுவாக இழுத்தேன். நாற்பது நிமிடம்.
வாடைக்காற்று சட்டைக்குள் புகுந்து பார்த்துவிட்டு
ஒன்றும் கிடைக்காமல் வெளியேறியது.
ஷஃபிகுல் கரையின் மறுகோடிக்குப் போய்விட்டார்.
கொட்டாவி விட்டேன்.
கொட்டாவியின் பாதியில் கோல் வளைந்தது.

மஞ்சள் மீன். மூன்று கறுப்புப் பட்டை.
வாலில், திறந்தபடி, ஒரு கண்.
அமேசானில் பிறந்த குலம்;
யாரோ கொண்டுவந்து, யாரோ இங்கே விட்டது.
பீகாக் பாஸ் என்று அதற்கும் மயிலின் பெயர்.
மயிலை அது பார்த்ததில்லை.
பனியை நான் பார்த்ததில்லை.
ஈரக்கையால் பிடித்து, விடுவித்து,
அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

டிரவுட்டுக்கான மெல்லிய முள்
நிமிர்ந்து ஊசியாகியிருந்தது.
அதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்,
எதற்கென்று தெரியாமல்.
பச்சை ஈ. ஒன்று கடித்தது.

பேருந்தில் பதில் வந்தது.
எண்கள் அவனுடையவை. கட்டியது நான்.
மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில், சாப்பாட்டு மேசையில்.
அந்த ஆற்றுக்கு நான் போனதில்லை.

இரண்டு நிறுத்தம் கழித்து
இன்னொன்று:
மீன் பெரிதா?

ஒரு சாண் என்று எழுதினேன்,
நாலு விரல் கூட்டித்தான்.
இருபத்தொன்பதுக்கு ஒன்று கட்ட முடியுமா,
தடித்த முள்ளில்?
குறிகள் இரண்டும் நீலமாயின.
அவ்வளவுதான்.

வீட்டில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.
வெளியே வெயில், பதினான்கு மாடிக்கும்.
கை மட்டும்
இன்னும் பின்னால் போய்
ஒரு மூச்சு
நின்றது.