ஐந்தாம் பருவம்

எஸ்தோனியாவின் சதுப்பில்
மார்ச் கடைசியில் ஆறு தன் கரையை மறந்துவிடும்.
பனிக்கும் வசந்தத்துக்கும் நடுவே
அதற்கென்றே ஒரு பருவம், ஐந்தாவது.

எழுத்துப் பட்டறைக்கு நாங்கள் ஏழு பேர், இரண்டு படகு.
"நீர் என்ற சொல் வராமல் எழுதுங்கள்"
என்றாள் லேலோ.
பிர்ச் மரங்கள் இடுப்பளவு மூழ்கி நின்றன.
ஒரு தபால்பெட்டி
வாயை மட்டும் வெளியே வைத்திருந்தது.

கண்ணாடி என்று எழுதி அடித்தேன்.
வானம் என்று எழுதி, அதையும்.
ஹெல்வி தாளை முழங்காலுக்கடியில் ஒளித்துக்கொண்டாள்.

வைனோ துடுப்புப் போட வந்தவர்,
கூலிக்கு, கவிதைக்கு அல்ல.
பாதி வழியில் ஒரு பென்சில் கேட்டார்.
தன் மாட்டுக் கொட்டகைக்குள் படகோடு நுழைந்து
கதவுநிலையில் ஒரு கோடு,
பக்கத்தில் தேதி.
மேலும் கீழும் பழைய கோடுகள்.
ஒன்றின் அருகே: கன்று போயிற்று.
இன்னொன்றில்: எல்லாம் சரி, உருளைக்கிழங்கு தவிர.
ஆக உயரத்தில் இருந்ததில்:
லைனே பிறந்தாள், கூரையில்.

இன்றைய கோட்டருகே
கொஞ்சம் யோசித்தார்.
ஏழு பேர், என்று எழுதினார். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.

"யார் முதலில் வாசிக்கிறீர்கள்?" லேலோ கேட்டாள்.
என் பூட்ஸுக்குள் விரல்கள் மரத்திருந்தன.
பென்சிலைக் காதில் செருகியபடியே
வைனோ படகைத் திருப்பினார்.