இரட்டைக் கண்கட்டு

பாட்டில் எண் 0417 எனக்கு,
0418 அவருக்கு.
இரண்டிலும் ஒரே நீல மாத்திரை.
ஒன்றில் மருந்து இருக்கலாம், ஒன்றில் வெறும் மாவு.
இரண்டிலும் மருந்து, இரண்டிலும் மாவு,
அப்படியும் அமையும் என்றாள் நொகுதூலா.
"எனக்கும் தெரியாது, ஆன்ட்டி.
டாக்டருக்கும் தெரியாது.
கம்ப்யூட்டருக்குத் தெரியும்.
அது மூன்று வருடம் வாய் திறக்காது."

சாட்ஸ்வர்த் கிளினிக்கின் பின்னறை,
மின்வெட்டில் நின்றுபோன ஃபேன்.
கையெழுத்துப் போட்டோம்.
பழைய மாத்திரையை நிறுத்தக் கூடாது,
நீலம் அதற்கு மேலே, இரவு எட்டு மணிக்கு.
ஊறுகாயைத் தொடக் கூடாது.
"அப்போ சோத்தை எதுக்குத் தொடணும்?" என்றார் கிஸ்டன்.

ஐந்தாம் வாரம் என் கணுக்கால் வீங்கியது.
செருப்பு ஃபாக்டரியில் ஊரார் காலுக்கு வார் தைக்கிறவள்,
என் வார் என் தோலில் பதிந்து கிடந்ததைப் பார்த்தேன்.
விரலால் அழுத்தினால் குழி விழுந்து
மெல்ல நிரம்பியது.
அவர்கள் தந்த தாளில் ஏழாவது வரி:
மருந்து சிலருக்குக் கால் வீக்கம் தரலாம்.

அப்போ மருந்து என்னிடம்.
அப்போ மாவு அவரிடம்.

அவருக்கோ நூற்றெண்பதுக்குக் கீழே இறங்காத ரத்தம்.
துறைமுக வாசலில் லாரி வரிசையில் ஆறு மணி நேரம்
எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்து
வீடு வந்தால் மூக்கிலிருந்து சிவப்பு.
அந்தத் துண்டைத் துவைக்கிறவள் நான்.

நீலத்துக்கும் நீலத்துக்கும் என்ன வித்தியாசம்?
ஒரு செவ்வாய் இரவு
மூடிகளைத் திறந்தேன், கொட்டினேன், மாற்றினேன்.
எண்ணிக்கையில் ஒன்று கூடவில்லை, குறையவில்லை.
திருட்டுதான்.
வீட்டுக்குள்ளிருந்து வீட்டுக்குள்.

அடுத்த மாதம் இருபத்து நான்கு மணி நேர மெஷின்.
அரைமணிக்கொருமுறை கையை இறுக்கும்,
பெருமூச்சு விட்டுத் தளரும்.
ஒரே படுக்கையில் இரண்டு;
அவருடையது ஓய்ந்தால் என்னுடையது,
எதிரெதிர் வீட்டு நாய்கள் மாதிரி.
இறுக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று
டைரியில் எழுத வேண்டும்.
இரவு 2.30: தூக்கம், என்று எழுதினேன்.
தூங்குகிறவள் எப்படி எழுதுவாள்
என்பது பிறகுதான் உறைத்தது.

கிஸ்டனின் கோடு இரவில் சரிந்திருந்தது.
பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்,
பேரனின் மார்க் ஷீட் மாதிரி.
என்னுடையது சரியவில்லை.
"இரவில் ரத்தமும் கொஞ்சம் படுத்துக்கொள்ளணும், ஆன்ட்டி.
உங்களுடையது நின்றுகொண்டே இருக்கிறது."
எனக்குச் சந்தோஷம். முகத்தை மட்டும் தொங்கப்போட்டேன்.

"அங்கிள் மாதிரி இன்னும் நானூறு பேருக்கு இறங்கினால்
இந்த மாத்திரை எல்லா கிளினிக்குக்கும் வரும்.
உம்லாசியில் என் அண்ணனுக்கும்."
சொல்லிக்கொண்டே பட்டையைக் கட்டினாள்.
"பேசக் கூடாது. காலைப் பின்னக் கூடாது."

பட்டை உப்பியது.
நான் பேசினேன்.
செவ்வாய்க்கிழமை, மூடி, மூக்கு, துண்டு,
எல்லாவற்றையும்.

அவள் திட்டவில்லை.
காற்று முழுக்க இறங்கும்வரை காத்திருந்தாள்.
பிறகு ஒரு படிவத்தில் இரண்டு எண்களை எழுதி
ஒவ்வொன்றாக அடித்தாள்,
தையல் பிரிக்கிற மாதிரி நிதானமாக.
"மருந்து யாரிடம் இருந்தது?" என்றேன்.
"இன்னும் இரண்டு வருடம்."
"வீங்கியதே?"
"பிப்ரவரியில் பகலெல்லாம் நின்றால்
எனக்கும்தான் வீங்கும், ஆன்ட்டி."

கதவுக்கு வெளியே கிஸ்டன்
பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டு யாரிடமோ
தன் இரவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.
அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

பட்டையை மறுபடி கட்டினாள்.
"முதல் அளவை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை," என்றாள்,
"முதல் தடவை எல்லோருக்கும் கூடத்தான் இருக்கும்."
காலை நேராக வைத்தேன்.
இறுகத் தொடங்கியது.