முளைப்புக் கணக்கு

ஈரச் சாரத் துண்டில் நூறு விதை.
எண்ணி வைத்தது நான்.
சாட்சிக்கு ஒரு பல்லி.

கும்புறுபிட்டியில் குளிர் கிடையாது.
வெங்காயம் பூக்கக் குளிர் வேணும்.
தாய்க்காய் நாற்பது கிலோவைச் சாக்கோடு
மீன்வாடிக் குளிரறையில் வைத்தேன்,
பாரைக்கும் சூரைக்கும் நடுவில், ஆறு கிழமை.
"வெங்காயத்துக்கும் வலை போட்டீங்களோ?"
வாடிக்கார றொசைறோ சிரித்தார்,
வாடகை வாங்கவில்லை.
நடும்போது காயெல்லாம் மீன் மணம்.
நாய்கள் பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தன.

போன வருசம் யூரியாவை அள்ளி வீசினேன்.
தாள் முழங்காலுக்கு எழும்பிற்று.
கரும்பச்சை.
ரோட்டால் போனவர்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள்.
பூத்தண்டு மட்டும் வரவில்லை.
வந்த நாலைந்தும் கச்சானுக்கு முறிந்தன.
படம் எடுத்தவர்கள் ஒருவரும்
விதை கேட்டு வரவில்லை.
காப்பு இரண்டும் வங்கிக்குப் போயிற்று.

இந்த முறை குழி வெட்டினேன்.
மாட்டெரு, கிளிசறிடியா இலை,
கரையொதுங்கிய சாதாளை
(மூன்று தரம் கழுவி, உப்புப் போக),
நெத்தலித் தலை, அடுப்புச் சாம்பல்,
மகள் கிழித்தெறிந்த கணிதக் கொப்பி.
புரட்டப் புரட்ட ஆவி வந்தது.
முட்டை வைத்திருந்தால் அவிந்திருக்கும்.
இரண்டு மாதத்தில்
எது தலை, எது இலை, எது கணக்கு என்று
பிரிக்க முடியாத கறுப்பு.

குழியெரு ஒன்றே போதும் என்று
கூட்டத்தில் சொல்லச் சொன்னார்கள்.
மைக் கையில் இருந்தது.
சொல்ல வரவில்லை.
தண்டு எழும்புகிற கிழமை
இரவல் தராசில் நிறுத்து
அரைக் கிலோ பொட்டாசு வைத்தேன்,
வேரில் படாமல், நாலு விரல் தள்ளி.
யூரியாவும்தான், ஒரு சிரட்டை.
நான் ஒளித்தாலும்
தாளின் நிறம் சொல்லிவிடும்.

பூத்தது.
பாத்திக்குப் பாத்தி மைக் நட்டதுபோல்
வெள்ளை உருண்டைகள்.
பேச வரவேண்டியது தேனீ.

பக்கத்துக் காணிச் சலாகுதீன் நானாவிடம் போய்ப்
பூ உதிரும்வரை மருந்தடிக்காதேங்கோ என்றேன்.
கத்தரியில் புழு, என்றார்.
நியாயம்தான்.
மறுநாளிலிருந்து பொழுதுபட்ட பிறகு அடித்தார்,
தேனீக்கள் வீட்டுக்குப் போன பிறகு,
ரோச் வெளிச்சத்தில்.
ஒரு சாக்கு எரு கொண்டுபோய்க் கொடுத்தேன்.
மணந்து பார்த்து, "நெத்தலி" என்றார்.

ஏழாம் நாள் துண்டை விரிக்கிறேன்.
வெள்ளை வால்கள்.
எழுபத்தெட்டு.
திரும்ப எண்ண எழுபத்தொன்பது;
ஒன்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது.
போன வருசக் கணக்கு முப்பத்தொன்று.

மிச்சத்தை எறிய மனமில்லை.
துண்டை நனைத்துத் திரும்ப மடித்தேன்.
வங்கிக் கடிதம் மேசையில், பிரிக்காமல்.
பல்லி உச்சுக் கொட்டிற்று,
எந்தக் கணக்குக்கோ.