இருபத்துநாலில் ஒன்று

பெட்டியில் பதினாலு வயது என்று போட்டிருந்தது.
ஹம்தானுக்கு நாலு.
ஷோகேஸில் வை, பெரியவனாகட்டும் என்றீர்கள்.
கீழக்கரை கார்கோ ஆபீஸில் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்து
பால்மாவு டின், கோடாலித் தைலம், சோப்பு எல்லாம் அடுக்கிவிட்டு
அன்று ராத்திரியே பிரித்துவிட்டேன், மச்சான்.

நீங்கள் தினமும் துடைக்கிற கார்.
அறுபத்திரண்டாம் வருஷத்து இங்கிலீஷ் கார்,
முரல் மீன் மாதிரி மூக்கு.
அர்பாபின் வாப்பா வாங்கியது,
வெள்ளிக்கிழமை மட்டும் கராஜை விட்டு வெளியே வருவது.
எத்தனை போட்டோ அனுப்பியிருக்கிறீர்கள்!
ஒன்றிலும் நீங்கள் இல்லை.
ஒரே ஒரு தடவை, பம்பரில், ஒரு முழங்கை.

எண்பத்தேழு துண்டு.
படம் தவிர மற்றதெல்லாம் ஜப்பான் எழுத்து.
நகவெட்டியால் நறுக்கி, நகம் தேய்க்கிற அரத்தால் தழும்பை ராவினேன்.
ஆறு சிலிண்டர். மூன்று கார்புரேட்டர்.
பேரெல்லாம் உங்களிடம்தான் கேட்டேன்.
எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை.

பெயிண்ட்தான் பாடுபடுத்தியது.
பாட்டில் பச்சை, ஸ்ப்ரே டப்பா, மொட்டைமாடி.
காயும்போதே பச்சை மேல் பால் படர்ந்தது,
கண்ணில் புரை விழுந்த மாதிரி.
வாடையில் வல்லத்துக்கே பெயிண்ட் அடிக்கமாட்டார்களே அக்கா
என்றான் ஹார்டுவேர் கடைப் பையன்.
சுரண்டினேன்.
இரண்டாம் தடவை ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது.
மூன்றாம் தடவை தொதல் டப்பாவில் ஓட்டை போட்டு, காரை உள்ளே வைத்து,
அரிசி டிரம்முக்குள் இறக்கிவிட்டேன்.
ஈரத்தையெல்லாம் அரிசி குடித்தது.
மூன்று நாள் சோற்றில் பெயிண்ட் வாடை, ஒருவரும் மூச்சுவிடவில்லை.

பிறகு பற்பசை தொட்டுத் துடைத்தேன்.
துடைக்கத் துடைக்க டியூப்லைட் அதில்
நெளியாமல் விழுந்தது.
பவுனா விளக்குகிறாய் லாத்தா, என்றாள் ஜுமானா.

அப்புறம் அந்த வாய்ஸ் மெசேஜ். ராத்திரி ஒன்றேகால்.
ஏசி சத்தம், மூச்சு, பிறகு நீங்கள்.
வாட்ச் பக்கிள் பட்டுவிட்டது.
ஓட்டுகிற பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே, சுண்டுவிரல் நீளம்.
மெழுகு பூசி மறைத்திருக்கிறேன்.
எட்டு மாசம். யாரும் பார்க்கவில்லை.
யாரிடமும் சொல்லாதே.

நான் யாரிடம் சொல்ல.

ஸ்கேலில் என் சுண்டுவிரலை அளந்தேன்.
உங்களுடையது இன்னும் கொஞ்சம் நீளம், அதையும் சேர்த்துக்கொண்டேன்.
இருபத்துநாலால் வகுத்தால்
இரண்டரை மில்லிமீட்டர்.
சிற்றெறும்பு ஒன்று படுத்துக்கிடக்கிற இடம்.
தையல் ஊசியை எடுத்தேன்.
நாலு பூச்சு, பதினோரு நாள் பளபளப்பு.
கை ஒரு தடவை பின்வாங்கியது.
பிஸ்மி சொல்லிக் கீறினேன்.

போட்டோ அனுப்பினேன்.
ஷோகேஸில் பெட்டி இல்லை என்று
இப்படித்தான் உங்களுக்குத் தெரியட்டும்.
நீல டிக் இரண்டு.
டைப்பிங் என்றது, நின்றது, திரும்ப டைப்பிங்.
ஜெட்டிப் பக்கம் ஒரு போட் எஞ்சின் கிளம்பித் தேய்ந்து போகிற நேரம்.

ஸ்டியரிங் இந்தப் பக்கம் இல்லையே புள்ள, இங்கே இடது
என்று வந்தது.
வேறொன்றும் இல்லை.

பெட்டிக்குள் இரண்டு டேஷ்போர்டு இருந்தன மச்சான்,
இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று.
நான் யோசிக்கவே இல்லை.
ராம்நாடு பஸ்ஸில் டிரைவர் எந்தப் பக்கமோ
அந்தப் பக்கம் வைத்து ஒட்டிவிட்டேன்.
பசை காய்ந்து ஒரு மாதமாகிறது.

இனிப் பெயர்க்க முடியாது. கீறலையும் அழிக்கப்போவதில்லை.
ஹம்தான் அதைத் தரையில் ஓட்டுகிறான்;
முதல் நாளே ஒரு பக்கக் கண்ணாடி போயிற்று,
இன்னும் பாயைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் நாளைக் காலை துடைக்கும்போது
வலப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே,
ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில்
கை ஒரு தடவை நிற்கும், பாருங்கள்.