ஓடும் வரிசை

கீலுங்கில் மழை நிற்பதில்லை.
களைத்து உட்காரும், அவ்வளவுதான்.
அப்படி உட்கார்ந்த ஓர் இரவில்
பாவ்சூ அக்காவின் தள்ளுவண்டி முன்
மூன்றாவது ஆளாக நிற்கிறேன்.

கல்லில் எண்ணெய் கண் திறக்கிறது.
ஒரு கை சிப்பி, சாம்பல் நிறக் குட்டி நாக்குகள்.
வள்ளிக்கிழங்கு மாவு, விழும்போது கலங்கல்,
வெந்தால் கண்ணாடி.
முட்டை. கீரை.
சட்டுவத்தின் விளிம்பால் ஒரு தட்டு.
அக்கா யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை,
காலைப் பார்த்தே ஆளைச் சொல்வாள்:
"ரப்பர் பூட்ஸ், காரம் தூக்கலா.
வெள்ளை ஷூ, கீரை வேண்டாம்."

ரப்பர் பூட்ஸ், துறைமுகத்து ஜின்ஃபா.
ஐந்நூறு டாலர் நோட்டு கொடுத்துவிட்டார்,
மீதி வரவில்லை.
வெள்ளை ஷூ, நர்சிங் படிக்கும் பெண்.
அவளுடையது இன்னும் கல்லில்.

அப்போதுதான் சோளம் சுடுபவன் விசிலடித்தான்,
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.
லைசென்ஸ் இல்லாத சக்கரங்களுக்கு
அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

குடை மடங்கியது. பல்பு அணைந்தது.
வண்டி ஓடியது,
அடுப்போடு, கல்லோடு,
கல்லில் வேகும் முட்டையோடு.
பின்னாலேயே ஜின்ஃபா,
நானூற்று முப்பது டாலரைத் துரத்திக்கொண்டு,
கையில் அக்காவின் தட்டு,
ரோஸ் நிறச் சாறு ஒரு சொட்டு சிந்தாமல்.
வெள்ளை ஷூ ஒரு குட்டையையும் விட்டுவைக்கவில்லை.

நான் ஏன் ஓடினேன்?
கொடுத்த காசும் இல்லை, வாங்கிய தட்டும் இல்லை.
மூன்றாவது இடம்.
அதை விட மனமில்லை.

கோயிலுக்குப் பின்சந்து.
வண்டி நின்றதும்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
அதே வரிசையில் நின்றோம்.
நீல நெருப்பு எங்கள் முழங்கால்வரைதான் எட்டியது.
யாருக்கும் மூச்சு ஒழுங்காக இல்லை.
முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை.

அக்கா குனிந்து கல்லை முகர்ந்தாள்.
"ஒரு பக்கம் கருகிப்போச்சு, பத்து டாலர் குறைச்சுக் குடு."
அந்தப் பெண்
கருகின ஓரத்தைத்தான் முதலில் பிய்த்தாள்.
ஜின்ஃபா வாங்கிய மீதியை எண்ணவில்லை,
எண்ணுவதற்கு வெளிச்சமில்லை.

சந்து முனையில் ஒரு டார்ச்.
எங்கள்மேல் கொஞ்சம் நின்றது,
வீட்டில் எதையோ மறந்துவைத்ததுபோல்
திரும்பிப் போனது.

அடுத்தது நான்.
அக்கா என் செருப்பைத் தேடினாள்.
ஓட்டத்தில் இரண்டும் எங்கோ போயிருந்தன.
வெறுங்கால் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
மெல்ல, முதல்முறையாக,
முகம்வரை ஏறி வந்தாள்.
"யாருப்பா நீ?"

ஆறு வருடமாக வருகிறேன்.

"நீல வெள்ளைச் செருப்பு," என்றேன்,
"கீரை ரெண்டு பங்கு."

"அட," என்றாள்,
முட்டையை உடைத்தபடி.