வியாழன் குழி

ஜுபைல் கிடங்கில் பதினேழு வருடம்.
எந்த வால்வு எந்த அடுக்கில் என்று
கம்ப்யூட்டரைத் தட்டுமுன் என்னைத்தான் கேட்பார்கள்.
போன மாதம் ஃபோர்மேன் ஒரு கேஸ்கெட் கேட்டார்.
அடுக்குகளின் நடுவில் போய் நின்றேன்.
எதற்கு வந்தேன் என்று
கேஸ்கெட்டிடமே கேட்க வேண்டியிருந்தது.

அறையில் இதயத்துல்லா சொன்னான்:
மெட்ஃபார்மின்தான் மூளையத் திங்குது, நிறுத்து மச்சான்.
நிறுத்தினேன்.
நான்கே நாள்.
நினைவு திரும்பவில்லை,
சர்க்கரை திரும்பியது, முந்நூற்றுப் பத்தாக.

கொல்லத்து டாக்டர்
என் உள்ளங்காலை ஊசிநுனியால் தொட்டுத் தொட்டு
'இது தெரியுதா, இது?' என்றார்.
சுவரில் காலண்டரில் ஒட்டகம் சிரித்துக்கொண்டிருந்தது.
ரத்தத்தில் பி12 தரைதட்டிக் கிடக்கிறதாம்;
நாள்பட்ட மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யுமாம்.
மாத்திரையை விடாதே, ஊசி போட்டுக்கொள்,
மிச்சத்தை மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.
மிச்சம் என்றால் எது என்று
கேட்க மறந்து வந்துவிட்டேன்.

இப்போது அட்டையின் முதுகில்
ஒவ்வொரு குழிக்கும் மார்க்கரால் கிழமை எழுதுகிறேன்,
பெட்டிகளுக்கு எழுதுகிற அதே கையெழுத்தில்.

வியாழன் குழி காலி.
அப்படியானால் சாப்பிட்டிருக்கிறேன்.
அப்படியானால்
இன்று வியாழன்.